யார் வீட்டுக் கறி?

வெர்ஜீனியாவில் ஒரு டிசம்பர் காலை. வெளியே புல்வெளி முழுக்க மாவு தூவிய மாதிரி உறைபனி. நெடுஞ்சாலை ஓரத்துச் சின்ன ஓட்டலில் எனக்கு எதிரே என் கல்லூரி நண்பன். ரிச்மண்டில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறான். பதினைந்து வருடமாக அங்கேயே இருந்து, கிட்டத்தட்ட அந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டான். “இத சாப்பிடாம இந்த ஊரப் பாத்தேன்னு வெளிய சொல்லாதே” என்று மிரட்டி, எனக்கும் சேர்த்து அவனே ஆர்டர் செய்தான்.

தட்டு வந்தது. நம்மூர் பன் மாதிரி, ஆனால் இனிப்பு இல்லாமல், தொட்டால் உதிர்கிற ஒரு சமாசாரம். அதைத்தான் அங்கே பிஸ்கட் என்கிறார்கள். நாம் டீயில் தோய்க்கிற பிஸ்கட்டுக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். அதைப் பிளந்து நடுவே வைத்திருந்தார்கள், செங்கல் நிறத்தில் மெல்லிய ஒரு துண்டு இறைச்சி. பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் கறுப்பாக ஒரு குழம்பு. இறைச்சியை வறுத்த சட்டியிலேயே பால் இல்லாத காபியை ஊற்றி, ஒட்டியிருப்பதைச் சுரண்டிக் கொதிக்கவிட்டால் அந்தக் குழம்பு. காபியில் குழம்பா! கும்பகோணத்துக்காரர்கள் கேட்டால் சண்டைக்கே வந்துவிடுவார்கள்.

கடித்தேன். உப்பு! அப்படி ஓர் உப்பை நான் எந்த இறைச்சியிலும் சாப்பிட்டதில்லை. அடுத்த நொடி, விறகுப் புகையின் வாசனை. அதற்கும் பின்னாலிருந்து, எங்கோ நன்றாகத் தெரிந்த ஒரு ருசி மெதுவாக எழுந்து வந்தது. நாற்பத்தைந்து வருடம் பின்னால் போய், சிவகங்கைப் பக்கத்தில் எங்கள் அப்பத்தா வீட்டுக் கொல்லையில், கயிற்றில் மாலை மாலையாகக் காய்கிற உப்புக்கண்டத்தின் முன்னால் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தக் கதை கொஞ்சம் சங்கடமானது. இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. கடைசியில் சொல்லிவிடுகிறேன். முதலில் இந்தப் பன்றி விவகாரத்தைப் பார்த்துவிடலாம்.

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில், குறிப்பாக வெர்ஜீனியா, வட கரோலினா, டென்னஸி, கென்டக்கி பக்கம், இதற்குப் பெயர் கன்ட்ரி ஹாம். நாட்டு ஹாம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பன்றியின் பின்னந்தொடையை எலும்போடு உப்பில் ஊறப்போட்டு, புகை காட்டி, மாதக்கணக்கில் தொங்கவிட்டுப் பதப்படுத்துவது. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வருடத்து இறைச்சி இதுதான்.

இதற்கு நாள் குறிப்பது பஞ்சாங்கம் இல்லை, பனி. நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ முதல் கடுங்குளிர் வரும்வரை காத்திருப்பார்கள். குளிர் போதவில்லை என்றால், உப்பு உள்ளே போய்ச் சேருவதற்கு முன்பே எலும்பை ஒட்டி இறைச்சி கெட்டுப்போய்விடும். குளிர் அதிகமாகி இறைச்சி உறைந்துவிட்டாலோ, உப்பு உள்ளே இறங்காது. ஃபிரிட்ஜுக்குள் இருக்கிற குளிர் ஊருக்கே இருக்க வேண்டும், அதுவும் தொடர்ந்து சில வாரம். ஒரு குடும்பத்தின் அடுத்த வருடச் சாப்பாடு வானத்தை நம்பித்தான் இருந்தது.

விடியும் முன்பே அண்டாக்களில் வெந்நீர் கொதிக்கும். பன்றியைக் கொன்று, வெந்நீரில் புரட்டி, மயிரைச் சுரண்டி, பின்னங்கால்களில் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு வயிற்றைக் கிழிப்பார்கள். பெண்கள் குடலை அலசி எடுப்பார்கள். கொழுப்பை உருக்கி வருடம் முழுக்கச் சமையலுக்கு. மிஞ்சிய கொழுப்பில் சோப்பு. துண்டு துக்கடாக்களை அரைத்து சாஸேஜ். தொடை, தோள், வயிற்றுப் பகுதி மூன்றும்தான் உப்புக்குப் போகும். மரப்பெட்டியில் உப்பைப் பரப்பி, ஒவ்வொரு தொடையையும் கையால் அழுத்தித் தேய்த்து (சிலர் சர்க்கரையும் மிளகும் சேர்ப்பார்கள்) வாரக்கணக்கில் புதைத்து வைப்பது. குளிரில், கல் உப்பில், நாள் முழுக்கத் தேய்க்கிற விரல்கள் என்ன கதியாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு கழுவி, புகை வீட்டில் தொங்கவிடுவார்கள். ஹிக்கரி மரத்தைப் புகைய விடுவார்கள், எரிய விடக்கூடாது. புகை போட்டு முடிந்த பின்னும் இறைச்சி அங்கேயே தொங்கும். கோடை வரும். வெயிலில் தொடை வியர்க்கும். நிஜமாகவே கொழுப்பு சொட்டுச் சொட்டாகக் கசியும். ருசி பிறப்பது அந்தக் கோடையில்தான் என்கிறார்கள் விஷயம் தெரிந்தவர்கள். ஆறு மாதத்தில் ஆரம்பித்து ஒரு வருடம், இரண்டு வருடம்கூட வைப்பதுண்டு. மேலே பூசணம் படரும், பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டுச் சமைப்பார்கள். இன்று கன்ட்ரி ஹாம் என்று பெயர் போட்டு விற்க அமெரிக்க அரசு விதி வைத்திருக்கிறது: எடையில் குறைந்தது 18 சதவிகிதம் குறைந்திருக்க வேண்டும், குறைந்தது 4 சதவிகிதம் உப்பு இருக்க வேண்டும். வெர்ஜீனியாவின் ஸ்மித்ஃபீல்டு ஊர்க்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், நிலக்கடலை தின்று வளர்ந்த பன்றியை எங்கள் ஊருக்குள் பதப்படுத்தினால்தான் அது ஸ்மித்ஃபீல்டு ஹாம் என்று 1926-லேயே சட்டம் வாங்கிவிட்டார்கள். (கடலை நிபந்தனை பின்னால் கைவிடப்பட்டது. அந்த ஊரின் பெயரைத் தாங்கிய பெரிய கம்பெனியையே 2013-ல் ஒரு சீன நிறுவனம் வாங்கிவிட்டது.) அங்கே ஒரு மியூசியத்தில் 1902-ல் பதப்படுத்திய தொடை ஒன்று இன்னமும் இருக்கிறது. அதன் முதலாளி அதற்கு நாய்க்குப் போடுவது போல பித்தளைப் பட்டை மாட்டி, செல்லப் பிராணி மாதிரி காட்டிக்கொண்டு திரிந்தார்!

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். மத்தியானம், பழைய பண்ணை மாளிகை ஒன்றை மியூசியமாக வைத்திருந்தார்கள், அங்கே கூட்டிப்போனான் நண்பன். வெள்ளைத் தூண்கள், பியானோ, படுக்கை அறை எல்லாம் பார்த்துவிட்டுப் பின்பக்கம் வந்தால், தனியாக நிற்கிறது புகை வீடு. ஜன்னலே இல்லாத சின்ன மரக் கட்டடம். உள்ளே சுவரெல்லாம் கரி. அத்தனை வருடத்துக்குப் பிறகும் மூக்கில் ஏறுகிற ஒரு வாசனை. என் கண் கதவில்தான் நின்றது. அதில் இரும்பில் கனமான பூட்டு. மாளிகையின் முன்கதவில்கூட அப்படி ஒரு பூட்டு இல்லை.

“பேங்க் லாக்கர் மாதிரி இருக்கில்ல?” என்றான் நண்பன்.

லாக்கரேதான். உள்நாட்டுப் போர் நடந்தபோது, கடல்வழியை வடக்கு ராணுவம் மறித்துவிட, தெற்கில் உப்புக்குப் பெரும் பஞ்சம். அப்போது என்ன செய்தார்கள் தெரியுமா? புகை வீட்டின் மண் தரையைத் தோண்டினார்கள். வருடக்கணக்காக மேலே தொங்கிய தொடைகளிலிருந்து சொட்டிய உப்புநீர் ஊறிய மண் அது. அதைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, காய்ச்சி, உப்பெடுத்தார்கள். மண்ணே அத்தனை மதிப்பு என்றால், மேலே தொங்குகிறதன் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, யாரிடமிருந்து காப்பாற்ற அந்தப் பூட்டு?

அந்த மாளிகைகளில் பன்றிக்குத் தீனி போட்டு வளர்த்தது அடிமைகள். கொன்றது, அறுத்தது, குடல் அலசியது அடிமைகள். உப்பு தேய்த்து விரல் வெடித்தது அடிமைகளுக்கு. ராத்திரி கண்விழித்துப் புகை தணியாமல் பார்த்துக்கொண்டதும் அவர்கள்தான். தொடை பெரிய வீட்டு மேஜைக்குப் போகும். 1786-ல் ஜார்ஜ் வாஷிங்டன் வீட்டிலிருந்து ஒரு பீப்பாய் நிறைய ஹாம், பிரான்ஸுக்கு லஃபாயெத் குடும்பத்துக்குப் பரிசாகப் போயிருக்கிறது. அனுப்பியவர் திருமதி வாஷிங்டன் என்று கடிதத்தில் இருக்கிறது. உப்பு தேய்த்த கைகளைப் பற்றிப் பேச்சே இல்லை. செய்தவர்களுக்குக் கிடைத்தது குடலும் காலும் காதும், அளந்து போட்ட உப்புக் கொழுப்பும் சோளமாவும்.

ஆக, அந்தப் பூட்டு, கறியைச் செய்தவனிடமிருந்து கறியைக் காப்பாற்றுவதற்கு.

ஃபிரெடரிக் டக்ளஸ் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1818-ல் மேரிலாண்டில் அடிமையாகப் பிறந்து, 1838-ல் தப்பி ஓடி, பின்னாளில் அமெரிக்காவின் மிகப் பெரிய பேச்சாளர்களில் ஒருவராக ஆனவர். 1855-ல் வெளியான அவருடைய இரண்டாவது சுயசரிதையில் ஒரு பகுதி இருக்கிறது. பதினைந்து வயதுப் பையனாக, செயின்ட் மைக்கேல்ஸ் என்ற ஊரில், தாமஸ் ஆல்ட் என்ற எஜமானர் வீட்டில் அவர் பட்டினி கிடந்த காலம். வீட்டில் ரொட்டியும் இறைச்சியும் பூட்டுக்குள் கிடந்து பூசணம் பிடிக்கும். சாவிக்கொத்து எஜமானியம்மாள் பையில் இருக்கும். சமையலறையில் அடிமைகள் பசியோடு இருப்பார்கள். தினமும் காலையில் எஜமானரும் எஜமானியும் மண்டியிட்டு, தங்கள் களஞ்சியத்தை ஆண்டவன் நிரப்ப வேண்டும் என்று பிரார்த்தனை செய்வார்கள்.

பையன் திருடுகிறான். ஆனால் திருடிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. உட்கார்ந்து யோசிக்கிறான். நான் செய்வது திருட்டுதானா?

அவன் கண்டுபிடித்த முதல் பதில் அபாரமானது. இந்தக் கறி எஜமானருடையது. நானும் எஜமானருடையவன். அவருடைய பீப்பாயில் இருந்த அவருடைய பொருள், அவருடைய இன்னொரு பொருளுக்குள் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதானே? முன்பு பீப்பாய்க்குள் வைத்திருந்தார், இப்போது எனக்குள் வைத்திருக்கிறார். அவருக்கு நஷ்டம் எங்கே?

படித்தபோது சிரித்துவிட்டேன். வக்கீல் வீட்டுப் பிள்ளை பேசுகிற பேச்சு. ஆனால் சிரித்து முடித்ததும் உறைத்தது. இதில் கேலி பையன் செய்வது இல்லை, சட்டம் செய்து வைத்திருந்தது. அடிமை ஒரு பொருள் என்றால், பொருள் எப்படித் திருட முடியும்? மாடு வைக்கோல் போரை மேய்ந்தால் அதைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லையே! திருடினான் என்று சொல்ல வேண்டுமானால் அவனை முதலில் மனிதன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்க அரசியல் சாசனத்தை எழுதியவர்களுக்கே இந்தக் குழப்பம் இருந்தது. மக்கள்தொகைக் கணக்குக்கு அடிமைகளில் ஐந்து பேரை மூன்று பேராக எண்ணிக்கொள்ளலாம் என்று 1787-ல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். பாதி ஆள், பாதி சொத்து என்கிற மாதிரியான அந்த நிலையை 1788-ல் ஃபெடரலிஸ்ட் கட்டுரை ஒன்றில் விளக்க முயன்று ஜேம்ஸ் மேடிசன் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டும்! வேலை வாங்கும்போது சொத்து. சவுக்கை எடுக்கும்போது மட்டும் மனிதன், அதுவும் குற்றவாளி மனிதன்.

அன்று ராத்திரி நண்பன் வீட்டில் சாப்பாடு. தயிர்சாதம், உருளைக்கிழங்கு. அவன் மனைவி சுத்த சைவம். பன்றிக்கதை கேட்டு முகம் சுளித்தாலும், விவாதத்தில் முதல் ஆளாகக் குதித்துவிட்டார்.

“அண்ணா, எனக்கு இது பிடிக்கல. அவங்க செஞ்ச கொடுமை பெரிய தப்புதான். அதுக்காகத் திருட்டு திருட்டு இல்லன்னு ஆயிடுமா? நாளைக்கு ஒவ்வொருத்தனும் எனக்கு அநியாயம் நடந்துச்சுன்னு சொல்லிட்டு எடுக்க ஆரம்பிச்சா?”

நியாயமான கேள்வி. நண்பன் உடனே, “அவன் உழைப்புல வந்த கறி, அவனோடது. முடிஞ்சுபோச்சு” என்றான்.

முடியவில்லை. உழைப்புதான் சொத்துக்கு ஆதாரம் என்று சொல்லிப் புகழ்பெற்றவர் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக். ஓக் மரத்தடியில் விழுந்து கிடக்கிற கொட்டையைப் பொறுக்குகிறவனுக்கே அது சொந்தம், பொறுக்குகிற உழைப்பால் அது அவனுடையதாகிறது என்பது அவர் கொடுத்த உதாரணம். (அந்தக் கொட்டைதான் காட்டுப் பக்கம் மேய விடுகிற பன்றிகளுக்கும் தீனி.) இதைப் படித்தால், ஆஹா, டக்ளஸுக்குச் சரியான வக்கீல் கிடைத்துவிட்டார் என்று தோன்றும். அதே அத்தியாயத்தில் இரண்டு வரி தள்ளிப் போனால், என் குதிரை மேய்ந்த புல்லும் என் வேலைக்காரன் வெட்டிய மண்கட்டியும் என் சொத்து என்கிறார். அதாவது வேலைக்காரனின் உழைப்பு, எஜமானனின் உழைப்புக் கணக்கில். இந்த லாக்குக்கு அடிமை வியாபாரக் கம்பெனியில் பங்கு இருந்தது. எஜமானர்களுக்கு அடிமைகள்மேல் முழு அதிகாரம் தந்த 1669-ம் வருடத்துக் கரோலினா சாசனத்தின் தயாரிப்பிலும் அவர் கை உண்டு. உழைத்தவனுக்கே பொருள் என்ற நல்ல கொள்கையை வைத்துக்கொண்டே, உழைப்பவன் யார் என்ற இடத்தில் சாவியைத் திருப்பிவிடலாம்.

பையன் டக்ளஸும் முதல் பதிலோடு நிற்கவில்லை. அதுதான் எனக்கு அவர்மேல் மரியாதையைக் கூட்டியது. எஜமானர் கறியை எடுத்ததற்குச் சமாதானம் ஆயிற்று, சரி. பக்கத்து வீட்டில் எடுத்தால்? அங்கே இந்தப் பீப்பாய் வாதம் செல்லாதே! இதற்குப் பதில் கிடைக்க நாளானது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். கடைசியில் வந்து சேர்ந்த இடம் இது: நான் ஒரு மனிதருக்கு மட்டும் அடிமை இல்லை, இந்தச் சமூகம் முழுவதற்கும் அடிமை. என்னைக் கொள்ளையடிக்க எஜமானருக்குக் கைகொடுப்பது ஊர் மொத்தமும். எனவே என் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள, அடிமை வைத்திருக்கும் யாரிடமிருந்தும் எடுக்க எனக்கு உரிமை உண்டு. சுதந்திரமான மனிதர்களின் ஒழுக்க விதி, சுதந்திரமே இல்லாதவனைக் கட்டாது.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் வருகிறது, மறைக்காமல் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்களில் அடிமையே வைத்திருக்காத ஓர் ஏழை வெள்ளைக்காரக் கிழவி இருந்து, அவள் வருடம் முழுக்க நம்பியிருக்கிற ஒற்றைத் தொடை காணாமல் போனால்? டக்ளஸின் கணக்கில் அவள் வரவில்லை. அடிமை வைத்திருப்பவர்கள் என்றுதான் எழுதுகிறார். ஆனால் பசி அத்தனை நுணுக்கமாக வீடு பார்த்துப் போகாது. இந்தக் கிழவிக்கு என்னிடம் பதில் இல்லை. நண்பனின் மனைவி கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

ஆனால் அவர் சொன்ன ‘நாளைக்கு ஒவ்வொருத்தனும்’ என்ற பயத்துக்கு வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. அந்த நாளை வந்தது. 1865-ல் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலையான மக்கள் கையில் நிலம் இல்லை. அதுவரை அங்கே பன்றிகளைக் காட்டில் அவிழ்த்துவிட்டு வளர்ப்பது வழக்கம். காதில் அடையாளம் வெட்டிவிட்டால் போதும், நிலமில்லாதவனும் பன்றி வளர்க்கலாம். அதையும் வேலிச் சட்டங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மூடின. 1876-ல் மிஸிஸிப்பி மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஊர் அதற்கு வைத்த பெயரே ‘பன்றிச் சட்டம்’. ஒரு பன்றியையோ, 10 டாலர் மதிப்புள்ள எதையுமோ திருடினால் அது பெருந்திருட்டு. ஐந்து வருடம் வரை சிறை. சில வருடங்களுக்குள் சிறையில் கூட்டம் ஏறக்குறைய நான்கு மடங்கானது. பெரும்பாலும் கறுப்பின மக்கள். சிறையில் சும்மா உட்கார வைக்கவில்லை. பண்ணைகளுக்கும் ரயில்பாதை வேலைக்கும் கைதிகளை வாடகைக்கு விட்டார்கள். யோசித்துப் பாருங்கள். பன்றி திருடினான் என்று பிடித்து, பழைய பண்ணைக்கே, பழைய வேலைக்கே, சம்பளமில்லாமல் திரும்ப அனுப்புவது! திருட்டு என்ற சொல்லுக்கு அர்த்தம் எழுதுகிற பேனா யார் கையில் இருக்கிறதோ, அவர்கள் எடுப்பது எப்போதும் வேறு பெயரில்தான் இருக்கும்.

குத்தகைக்கு உழுதவர்கள் நிலையும் அதே. கடையில் கடனுக்குக் கிடைத்தது கொழுப்புத் துண்டு, சோளமாவு, வெல்லப்பாகு. வருடக்கணக்கில் இதையே தின்று பெல்லாக்ரா என்ற நோயில் தோல் உரிந்து, புத்தி கலங்கி, ஆயிரக்கணக்கில் செத்தார்கள், கறுப்பர்களும் ஏழை வெள்ளையர்களும். அது கிருமி இல்லை, சாப்பாட்டுக் குறைபாடு என்று ஜோசஃப் கோல்ட்பெர்கர் என்ற டாக்டர் 1914-க்குப் பிறகு நிரூபிக்க ஆரம்பித்தபோது, தெற்கின் பெரிய மனிதர்கள் பலருக்குக் கோபம் வந்தது. எங்கள் ஊரில் பட்டினியா, சேச்சே!

இன்று கன்ட்ரி ஹாம் கௌரவப் பண்டம். ஸ்பெயின், இத்தாலி ஹாம்களோடு சரிசமமாக வைத்து, காகிதம்போலச் சீவி, பெரிய ரெஸ்டாரன்ட்களில் பரிமாறுகிறார்கள். கென்டக்கியில் வருடாவருடம் மாநிலக் கண்காட்சியில் பரிசு பெற்ற தொடையைத் தர்ம காரியத்துக்காக ஏலம் விடுகிறார்கள். 2023-ல் ஒரே ஒரு தொடை ஒரு கோடி டாலருக்குப் போனது. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. எங்கள் தாத்தா முறை, எங்கள் பாட்டி பக்குவம் என்று பெருமையோடு லேபிளில் போட்டுக்கொள்கிற கம்பெனிகளும் உண்டு. அந்தப் பாட்டிகளில் பலர், சாவி வைத்திருந்தவர்கள்.

டக்ளஸ் கதையில் இன்னும் ஒரு காட்சி பாக்கி. 1877-ல், தலைநகரில் அரசு மார்ஷல் பதவியில் இருந்த டக்ளஸ், செயின்ட் மைக்கேல்ஸுக்குத் திரும்பிப் போகிறார். எண்பது வயது தாண்டிய தாமஸ் ஆல்ட் மரணப் படுக்கையில். பழைய எஜமானர் இவரை மார்ஷல் டக்ளஸ் என்று கூப்பிடுகிறார். இவர் அவரை கேப்டன் ஆல்ட் என்கிறார். இரண்டு பேரும் அழுகிறார்கள். ஓடிப்போனது பற்றிப் பேச்சு வருகிறது. உன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்கிற மாதிரி கிழவர் சொல்லிவிடுகிறார். கறியைப் பற்றி இருவரும் பேசியதாகத் தெரியவில்லை.

இனி அப்பத்தா வீட்டுக் கதை.

எனக்கு ஒன்பது வயது. பங்குனி வெயில். வீட்டில் ஆடு வெட்டி உப்புக்கண்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கென்று ஒரு பெண் வருவாள். பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகவே போவாள். கறியை நீளநீளமாக வகிர்ந்து, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசறி, கோணி ஊசியில் கோத்து, கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது எல்லாம் அவள்தான். உள்ளங்கை மிளகாயில் எரிய, அடிக்கடி மாட்டுத் தொட்டித் தண்ணீரில் கையை முக்கிக்கொள்வாள். காய்ந்த கண்டத்தைப் பானையில் போட்டு உள்ளே சாமான் அறையில் வைத்துப் பூட்டுவது அப்பத்தா. சாவி இடுப்பில்.

என் வேலை காக்கா ஓட்டுவது. கையில் குச்சியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம், அவள் கயிற்றிலிருந்து நாலு துண்டை உருவி மடியில் கட்டிக்கொண்டதைப் பார்த்தேன். காக்காயைப் பார்த்தால் எப்படிக் கத்துவேனோ, அப்படியே கத்தினேன்.

அப்பத்தா வந்தார். எல்லோர் முன்னாலும் மடியை அவிழ்க்கச் சொன்னார். நாலு துண்டும் தரையில் விழுந்தது. “சின்னது ரெண்டு நாளாக் கேட்டு அழுவுதுங்க ஆத்தா” என்றாள் அவள். “கேட்டா நான் குடுக்க மாட்டேனா? கேக்காம எடுக்கலாமா?” என்றார் அப்பத்தா. அவள் அதற்கு மேல் பேசவில்லை. பின்வாசல் வழியாகப் போனவள், மறுபடி வரவில்லை.

அப்பத்தா கெட்டவர் இல்லை. கேட்டிருந்தால் நிச்சயம் கொடுத்திருப்பார். ஒரு துண்டு, மனமிருந்தால் இரண்டு. அந்த வாக்கியத்தைத்தான் இத்தனை வருடம் நியாயமென்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டால் கொடுப்பதற்கும், கேட்க வேண்டிய இடத்தில் ஒருத்தியை வைத்திருப்பதற்கும் நடுவே இருப்பதை யோசித்ததில்லை. அவளுக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. காசா, நெல்லா, பழைய சோறா? அவள் அடிமை இல்லைதான். வேண்டாமென்றால் வராமல் இருக்க முடிந்தது, வராமலும் இருந்தாள். ஆகவே டக்ளஸின் வாதத்தை அப்படியே எடுத்து அவளுக்கு மாட்டிவிட முடியாது. ஆனால் எங்கள் வீட்டு வாதத்தையும் இனிமேல் என்னால் அப்படியே வைத்துக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கண்டுபிடித்துக் கொடுத்ததற்குப் பரிசாக, அந்த நாலில் ஒரு துண்டைக் கழுவி, அன்றைக்கே நல்லெண்ணெயில் வறுத்து எனக்குக் கொடுத்தார் அப்பத்தா. வெர்ஜீனியா ஓட்டலில் என் நாக்கு கண்டுபிடித்தது அந்தத் துண்டைத்தான். ரொம்ப நன்றாக இருந்தது.

ஊர் திரும்பியதும் அத்தைக்குப் போன் போட்டேன். எண்பத்தியொரு வயது. ஞாபகசக்தி பயங்கரம்.

“அத்தை, நம்ம வீட்டுல உப்புக்கண்டம் போட ஒருத்தங்க வருவாங்களே, அவங்க பேரென்ன?”

“எதுக்குப்பா இப்ப?”

“சும்மாதான்.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “பேரு வரலையேப்பா... நல்ல கைப்பக்குவம் அவளுக்கு. அந்த வருசம் ரெண்டு கிடா வெட்டினோம். ஒண்ணு முப்பத்தஞ்சு ரூவா, இன்னொண்ணு நாப்பது. கீழப்பூங்குடிச் சந்தையில வாங்கினது. அது நல்லா ஞாபகம் இருக்கு.”